ஃபைபர் போட்டுக்கு இன்சூரன்ஸ்: ஃபுல் கவரா, டோட்டல் லாஸ் மட்டுமா, குப்பத்து ஃபண்டா?

2019ல மொத மொத போட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டப்போ எல்லாம் சேத்து 11,000 கட்டுனேன். இப்போ அதே 28 அடி ஃபைபர் போட்டுக்கு ரினியூவல் 23,600 வந்து நிக்குது. போட்டு பழசாயிடுச்சு, மதிப்பு எறங்கிடுச்சு, பிரீமியம் மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல. சரி வேற எடத்துல பாக்கலாம்னு கேட்டா ரெண்டு ஏஜெண்டு போட்டோவ வாங்கிப் பாத்துட்டு "மீன்பிடி போட்டு நாங்க எடுக்கறதில்ல சார்"னு வச்சுட்டாங்க, மூணாவது ஆளு வேல்யுவேஷன் சர்டிபிகேட் கொண்டா அப்புறம் பேசலாம்னாரு. எண்ணூர்லேர்ந்து காசிமேடு வரைக்கும் நெறைய பேரு இப்போ இதே கேள்வியோடதான் சுத்திட்டு இருக்காங்க, அதனால நான் விசாரிச்சது, பட்டது எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதறேன்.

மொதல்ல ஏன் இப்படின்னு ஒரு வார்த்த. பைக்குக்கு தேர்டு பார்ட்டி கட்டாயம், அந்த ரேட்ட கவர்மெண்டே சொல்லிடுது, எந்தக் கம்பெனியும் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. கடல்ல மீன் புடிக்கிற போட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது, அதனால போடறவங்க கொஞ்சம் பேரு, போடறவங்கள்லயும் அடிபட்டு கிளெய்முக்கு வர்றவங்க அதிகம். அதுலயும் நம்ம கடற்கரைய பாருங்க, 2016ல வர்தா, 2022ல மாண்டஸ், 2023ல மிக்ஜாம். நம்ம கிட்ட பாலிசி விக்கிற கம்பெனியும் அந்த ரிஸ்க்ல ஒரு பங்க ரீஇன்சூரன்ஸ் கம்பெனி கிட்ட தள்ளி விடும், அவங்க ரேட்ட ஏத்துனா இங்கயும் ஏறும். இது நம்மள மட்டும் புடிச்ச கேடு இல்ல, அமெரிக்காவுல 2022 செப்டம்பர்ல ஃபுளோரிடாவ ஐயான் புயல் அடிச்சதுக்கு அப்புறம் அங்க சொந்த போட்டு வச்சிருக்கறவங்களும் பழைய போட்டுக்கு பாலிசி கெடைக்காம அலைஞ்சாங்க.

இப்போ கையில இருக்கற வழிங்க. ஒண்ணு ஃபுல் கவர், அதாவது சின்ன சேதம் பெரிய சேதம் ரெண்டுக்கும். ரெண்டு டோட்டல் லாஸ் மட்டும், போட்டு முழுசா போனாதான் காசு. மூணு நாமளே சேத்து வைக்கிறது, எங்க குப்பத்துல இருக்கற மாதிரி ஃபண்டு. நாலாவது எதுவும் போடாம கவர்மெண்டு நிவாரணத்த நம்பி இருக்கறது, வெளிய சொல்ல மாட்டாங்க ஆனா பாதி பேரு அதுலதான் இருக்காங்க.

ஃபுல் கவர்லேர்ந்து வர்றேன், ஏன்னா நான் நாலு வருஷம் அதத்தான் நம்பி கட்டுனேன். இப்போ வந்த கொட்டேஷன்ல ஹல்லுக்கு, அதாவது போட்டோட ஒடம்புக்கு 3,50,000, எஞ்சினுக்கு 1,50,000, மொத்தம் 5 லட்சம், அதுக்கு 4 சதவீதம்னு 20,000, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,600. டோட்டல் லாஸுக்கு அதே 5 லட்சத்துக்கு 2 சதவீதம், ஜிஎஸ்டி சேத்து 11,800. வித்தியாசம் சரியா பாதி. அந்த மீதி பாதிக்கு ஃபுல் கவர்ல நமக்கு இன்னா கெடைக்குதுன்றதுதான் கேள்வியே.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ எங்க போட்டு முகத்துவாரத்துக்குப் பக்கத்துல கட்டியிருந்துச்சு. கொசஸ்தலையாத்துல மேலேர்ந்து வெள்ளம் எறங்குன வேகத்துல கயிறு அறுந்து போட்டு கடலரிப்புக்குக் கொட்டுன தூண்டில் வளைவு கல்லுல போய் மோதி, அணியத்துலேர்ந்து (போட்டோட முன்பக்கம்) நாலடிக்கு பக்கவாட்டுல கிழிஞ்சு, எஞ்சின் கழண்டு சேத்துல பொதஞ்சுடுச்சு. போன் பண்ணி சொல்லியாச்சு, நஷ்டத்த மதிப்பிட கம்பெனி அனுப்பற சர்வேயர் வந்தது பன்னெண்டாவது நாளு. அதுவரைக்கும் போட்ட தொடாதீங்கன்னு சொல்லிட்டாங்க, தொட்டா கிளெய்ம் போயிடும். அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அந்த ஒரு வாரம் அவர் எத்தன போட்டு பாத்திருப்பாரோ. டேப்ப வச்சு கிழிசல அளந்தாரு, போட்டோ எடுத்தாரு, அப்புறம் எஞ்சின் நம்பர் எங்கன்னாரு. நம்பர் பிளேட்டு மேல உப்பும் சேறும் ஆயிலும் ஒண்ணா காஞ்சு ஓடு மாதிரி ஆயிருந்துச்சு. பழைய டூத் பிரஷ்ஷ மண்ணெண்ணெயில முக்கி முக்கி நானும் மச்சானும் அரை மணி நேரம் தேச்சோம். ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு, அவர் கையில இருந்த பேப்பரோட வச்சு பாத்தாரு, சேரல.

எனக்கு அப்போதான் ஞாபகம் வந்துச்சு. பழைய எஞ்சின் போயி 2022ல வேற எஞ்சின் மாத்துனேன், பாலிசியில மாத்தவே இல்ல, யாரும் மாத்தணும்னு சொல்லவும் இல்ல. "தம்பி, நீங்க பொய் சொல்லல, எனக்குத் தெரியுது. ஆனா பேப்பர்ல இருக்கற எஞ்சின் இது இல்லையே"ன்னாரு. "சார், அதே போட்டுதான் சார், அதே குதிரை சக்திதான்"னேன். தலைய ஆட்டிட்டு எழுதிக்கிட்டாரு. எஞ்சினுக்கு ஒரு ரூபா வரல. ஹல்லுக்கு நான் 62,000 செலவு பண்ணேன், வந்தது 31,000. கழிச்சதுல எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் நாமளே ஏத்துக்க வேண்டிய தொகை, 10,000, மீதி எல்லாம் பில்லு இல்லன்னு.

இந்த பில்லு விஷயத்த நல்லா கவனிங்க. நம்ம ஊர்ல ஃபைபர் ஒட்டறது யாரு? மிஸ்திரி வருவாரு, மணல்லயே போட்ட கவுத்துப் போட்டு தேய்ச்சு, ஃபைபர் மேட்டும் ரெசின் பசையும் வச்சு லேயர் லேயரா ஒட்டுவாரு, சாயங்காலம் கூலிய கையில வாங்கிட்டு போவாரு. அவர் கிட்ட ஜிஎஸ்டி பில்லு கேட்டா எங்கேர்ந்து குடுப்பாரு? ரெசின் வாங்குன கடை பில்லு மட்டும்தான் தேறும். ஃபுல் கவர்ன்றது யார்டுல நிறுத்தி பில்லு போட்டு வேலை பாக்கறவங்களுக்கு செஞ்ச பாலிசி, கடற்கரையில கவுத்துப் போட்டு ஒட்டறவங்களுக்கு செஞ்சது இல்ல.

கணக்க போட்டுப் பாருங்க. சாதாரணமா ஒரு விரிசல், ஒரு மோதல், 25,000 செலவுன்னு வச்சுக்கலாம். எக்ஸஸ் 10,000 போச்சு, மீதி 15,000ல கூலிக்கு பில்லு இல்லன்னு பாதி போச்சு, 7,000 8,000 வரும். அதுக்காக ரெண்டு வாரம் போட்ட தொடாம வச்சிருக்கணும், அந்த ரெண்டு வாரம் தொழிலும் இல்ல. அதுவே ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் லாஞ்சுங்க (பெரிய விசைப்படகுங்க) எல்லாம் கட்டிக் கெடக்கற தடைக்காலமா இருந்தா, ஃபைபர்காரங்க மீனுக்கு நல்ல வெல கெடைக்கிற சமயம், அப்போ ஒரு நாள விட்டாலே பெரிய நஷ்டம். இதுக்காக வருஷா வருஷம் 11,800 கூட கட்டறோம், நாலு வருஷத்துக்கு 47,200.

டோட்டல் லாஸ்ல இந்த அலைச்சல் எல்லாம் கம்மி. போட்டு கடல்ல மூழ்கிப் போச்சு, எரிஞ்சு போச்சு, துண்டு துண்டா ஒடஞ்சுடுச்சு, அப்போ மட்டும்தான் போய் நிக்கணும். ஆனா இதுல ஒரு எடத்துல கண்ண தொறந்து வச்சிருக்கணும். மூணு துண்டா கரை ஒதுங்குன போட்ட "ரிப்பேர் பண்ணலாம்"னு சொல்லிட்டா நமக்கு ஒண்ணுமே கெடையாது. 1963 கடல்சார் இன்சூரன்ஸ் சட்டத்துலயே இதுக்கு வழி இருக்கு, மீட்டு சரி பண்ற செலவு சரி பண்ணதுக்கு அப்புறம் இருக்கற மதிப்ப தாண்டுச்சுன்னா அதையும் முழு நஷ்டமாவே எடுத்துக்கலாம், கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்னு பேரு. அது பாலிசியில சேந்திருக்கா இல்லையான்னு காசு கட்டறதுக்கு முன்னாடி கேட்டு, எழுத்துல வாங்கிடுங்க. எனக்கு வந்த ரெண்டு கொட்டேஷன்ல ஒண்ணுல இருந்துச்சு, இன்னொண்ணுல இல்ல, ரேட்டு வித்தியாசம் 600 ரூபாதான்.

அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. வருஷக்கணக்குல எடுக்கற பாலிசியில, போட்டு கடலுக்குப் போற நெலமையில இல்லன்னு தெரிஞ்சே நாம அனுப்பி, அதனாலயே நஷ்டம் வந்தா கம்பெனி தர வேண்டியதில்ல. அடியில விரிசல் இருக்கு, இந்த வாரம் ஓட்டிட்டு அடுத்த வாரம் ஒட்டிக்கலாம்னு போறோம் பாருங்க, அந்தப் பழக்கம் ஃபுல் கவரயும் கொல்லும் டோட்டல் லாஸயும் கொல்லும். என் பாலிசியில புயல் எச்சரிக்கை இருக்கறப்போ கடலுக்குப் போனா கவர் இல்லன்னும் ஒரு வரி இருக்கு, மீன்வளத் துறை பதிவும் லைசென்ஸும் காலாவதி ஆகாம இருக்கணும்னு ஒரு வரி. வலைக்கு என் பாலிசியில கவர் கெடையாது, அத யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. மிக்ஜாமோட கூடவே முகத்துவாரத்துல எண்ணெய் கலந்து வந்துச்சே, போட்டு முழுக்க தாரு பூசுன மாதிரி, வலை எல்லாம் தூக்கிப் போட்டோம், அதுக்கும் என் பாலிசியில எடம் இல்ல.

குப்பத்து ஃபண்ட பத்தி சொல்லணும். எங்க மாமா முன்ன நின்னு ஆரம்பிச்சது, 22 போட்டு, மாசம் 500, அப்போ மாசம் 11,000 சேரும். இதுல பேப்பர் இல்ல, சர்வேயர் இல்ல, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து வளந்தவங்க. 2021ல ஒருத்தர் எஞ்சின் கடல்ல விழுந்து போச்சு, ரெண்டே நாள்ல 40,000 எடுத்து குடுத்தாங்க, எந்தக் கம்பெனியும் அந்த வேகத்துல குடுக்காது. அந்தக் குடும்பம் அன்னைக்கு கந்து வட்டிக்குப் போகல, அது ஒண்ணுக்காகவே இந்த ஃபண்டு மேல எனக்கு மரியாத. ஆனா மிக்ஜாம்ல ஒரே ராத்திரியில ஒம்போது போட்டு அடிபட்டுச்சு, ஃபண்டுல இருந்தது 1,70,000, ஆளுக்கு 18,000 குடுத்துட்டு மாமா தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. "ஒருத்தன் விழுந்தா இருவத்தோரு பேரு தூக்கலாம்டா, எல்லாரும் ஒண்ணா விழுந்தா யாரு தூக்கறது"ன்னாரு. அதுதான் ஃபண்டோட எல்லை. ஒரே கரையில ஒரே புயலுக்கு முன்னாடி நிக்கிற போட்டுங்க ஒண்ணுக்கு ஒண்ணு காப்பு ஆக முடியாது, பணம் அந்தக் கரைக்கு வெளியிலேர்ந்து வரணும், அதுக்குத்தான் கம்பெனி வேணும்.

கவர்மெண்டு நிவாரணம் பத்தி சுருக்கமா. மிக்ஜாமுக்கு கட்டுமரம் வகையில முழுசா போனதுக்கு 32,000ஆ இருந்தத 50,000 ஆக்குனாங்க, பாதி அடிபட்டதுக்கு 10,000லேர்ந்து 15,000. முழுசா போன லாஞ்சுக்கு அதிகபட்சம் ஏழரை லட்சம். எண்ணெய் கசிவுக்கு 787 படகுக்கு தலா 10,000 அறிவிச்சாங்க. வந்த உதவிய கொற சொல்லல, வீட்ல அரிசி இல்லாத நேரத்துல வந்த காசு அது. ஆனா 5 லட்சம் போட்டு எறங்குன போட்டுக்கு அது சின்னப் பங்குதான், அத நம்பி தொழில் பண்ண முடியாது.

இன்னொரு கொழப்பத்தையும் சொல்லிடறேன். "நமக்குத்தான் கவர்மெண்டு இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நெறைய பேரு சொல்றாங்க. அது பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல வர்ற குழு விபத்து காப்பீடு, ஆளுக்குத்தான், போட்டுக்கு இல்ல. இறந்து போனாலோ முழு ஊனம் ஆனாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரி செலவுக்கு 25,000. பிரீமியம் முழுசும் மத்திய மாநில அரசுங்களே கட்டிடுது. நம்ம கூட தொழிலுக்கு வர்ற ஒவ்வொருத்தர் பேரும் அதுல இருக்கான்னு பாக்க வேண்டியது போட்டு வச்சிருக்கறவன் கடம. என் போட்டுல வர்ற அஞ்சு பேருல ரெண்டு பேரு பேரு விட்டுப் போயிருந்துச்சு, இந்த வருஷம்தான் சேத்தேன், இத்தன வருஷம் பாக்காம விட்டதுக்கு மனசு அடிச்சுக்குது.

சரி, நான் இன்னா முடிவு பண்ணேன். டோட்டல் லாஸ் மட்டும், கன்ஸ்ட்ரக்டிவும் சேத்தது, 12,400. ஃபுல் கவர விட மிச்சம் ஆகற 11,200ஐ தனி அக்கவுண்டுல போட்டு சின்ன ஒட்டு வேலைக்கு வச்சுக்கறேன், ஃபண்டுக்கு மாசம் 500 எப்பவும் போல. பேங்குல லோன் எடுத்து போட்டு வாங்குனவங்களுக்கு இது ஒத்து வராது, பேங்குக்காரங்க ஃபுல் கவர்தான் கேப்பாங்க, லோன் முடியற வரைக்கும் கட்டித்தான் ஆகணும். அதே மாதிரி ஸ்டீல் லாஞ்சு வச்சிருக்கறவங்க, ஸ்லிப்வேல (படக கரையேத்தற சாய்தளம்) ஏத்தி பில்லோட வேலை பாக்கறவங்க, அவங்களுக்கு ஃபுல் கவர்தான் சரி, ஒரு தடவ அடிபட்டாலே செலவு லட்சக்கணக்குல போகும், பேப்பரும் கையில இருக்கும்.

எதப் போட்டாலும் போட்டு மதிப்ப கொறச்சு சொல்லாதீங்க. பிரீமியம் கொறையும்னு 5 லட்சம் பெறுமான போட்ட 3 லட்சம்னு எழுதுனா, ஃபுல் கவர்ல சின்ன கிளெய்முக்கும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. கிளெய்ம தள்ளிட்டாங்கன்னா மொதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார் குடுங்க, பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறை தீர்க்கறவர் ஆபீஸ் சென்னையிலயே இருக்கு, அங்க புகார் குடுக்க காசு கெடையாது, வக்கீலும் வேணாம். நான் அன்னைக்கு இது தெரியாம விட்டுட்டேன்.

நேத்து சாயங்காலம் புது எஞ்சின் நம்பர் பிளேட்ட தொடச்சு, போட்டோ எடுத்து, கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியில ஏத்திட்டோம்னு அவங்க பதில் வந்ததுக்கு அப்புறம்தான் காசு கட்டுனேன். மச்சான் அதே போட்டோவ பிரிண்ட் போட்டு லாமினேட் பண்ணி வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கான்.