விம் பிளவு ஜன்னல்கள்: எண்ணோடு தட்டினால்தான் சுகம்

கும்பகோணத்திலோ திருவாரூரிலோ உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் வெளியூர் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக நுழைந்து வேலை பார்ப்பவருக்கு விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் இன்றும் கைகொடுக்கும். அதன் திரையைப் பிளந்து பல ஜன்னல்களாக வைத்துக்கொள்ளலாம். மெதுவான இணைப்பில் ஜன்னல் எல்லையை மவுஸால் இழுத்தால் கோடு தள்ளாடித் தள்ளாடி வரும். விசைப்பலகையில் அந்தத் தொல்லை இல்லை.

கன்ட்ரோல்-டபிள்யூவைத் தட்டி விரலை எடுத்துவிட்டு + போட்டால் உயரம் ஒரு வரி கூடும், - போட்டால் குறையும். அகலத்துக்கு > மற்றும் <. ஒவ்வொன்றாக நகர்த்துவது வெறும் விரல்வலி. எண்ணை முதலில் தட்டுங்கள். 15, கன்ட்ரோல்-டபிள்யூ, > என்றால் ஒரே வீச்சில் 15 எழுத்து அகலம் கூடும். இதைவிட நல்ல வழி, அளவை நேரடியாகச் சொல்வது: 60, கன்ட்ரோல்-டபிள்யூ, | என்றால் அகலம் சரியாக 60. உயரத்துக்கு | இருக்கும் இடத்தில் _ போடவேண்டும். எண் இல்லாமல் இவற்றைத் தட்டினால் முடிந்தவரை முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பழையபடி சமமாக்க, கன்ட்ரோல்-டபிள்யூ, =.

பலரும் தடுக்கி விழுவது > குறியில். அது திசை அல்ல, 'இந்த ஜன்னலைப் பெருக்கு' என்பது மட்டுமே. வலக்கோடி ஜன்னலில் நின்று தட்டினால் எல்லை இடப்பக்கம் போகும். கல்லணையில் வெண்ணாற்றுக்குக் கூடுதலாகத் திறந்தால் காவிரிக்குக் குறைவதுபோல, மொத்த இடம் மாறாது.

பெரிய குறை ஒன்று உண்டு. புதிய பிளவைத் திறந்தாலோ ஒன்றை மூடினாலோ, பார்த்துப் பார்த்து வைத்த அளவு கலைந்து எல்லாம் சமமாகிவிடும். ஈக்வல்ஆல்வேஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்குவதுதான் காரணம். விம்மின் அமைப்புகளை வைத்திருக்கும் விம்ஆர்சி (.vimrc) கோப்பில் 'செட் நோஈக்வல்ஆல்வேஸ்' (set noequalalways) எழுதிவிடுங்கள். ஒரு ஜன்னலின் அகலத்தை மட்டும் காக்க வேண்டுமானால், அதற்குள் நின்று முக்காற்புள்ளி (:) போட்டு 'செட்லோக்கல் வின்ஃபிக்ஸ்விட்த்' (setlocal winfixwidth) என்றால் போதும்.

உரையைத் தட்டச்சிடும் இன்சர்ட் மோடில் கன்ட்ரோல்-டபிள்யூ முந்தைய சொல்லை அழித்துவிடும், முதலில் எஸ்கேப் தட்டி, கட்டளைகளுக்கான நார்மல் மோடுக்கு வாருங்கள். பிரவுசருக்குள் ஓடும் டெர்மினலில் அது டேபையே மூடிவிடக்கூடும். அங்கே முக்காற்புள்ளி போட்டு 'வெர்ட்டிகல் ரீசைஸ் 60' (vertical resize 60) என்று எழுதுவதே பத்திரம். தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது நார்மல் மோடின் எழுத்துக் கட்டளைகளும் வேலை செய்யாது, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்க் கோப்பு என்றால் பக்கவாட்டுப் பிளவு வேண்டாம். பல டெர்மினல்கள் கொம்பு, கால்களின் அகலத்தைத் தப்பாகக் கணக்கிடுவதால் நடுக்கோடு வரிக்கு வரி கோணிக்கொண்டு நிற்கும். மேல்-கீழ் பிளவில் அந்தச் சிக்கல் கண்ணில் படாது.