இளம் வீரர்களைக் கொடுத்து நட்சத்திரப் பிட்சரை (பந்து வீசுபவரை) வாங்கலாமா?

பேஸ்பாலில் இந்த பேரத்தின் இரண்டு பக்கத்தையும் அனுபவித்த அணி டெட்ராய்ட் டைகர்ஸ்.

1987 ஆகஸ்டில் அவர்கள் 36 வயது பிட்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்கினார்கள். பதிலுக்கு அட்லாண்டாவுக்குப் போனவர் 20 வயது பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அலெக்சாண்டர் அந்த சீசனின் மிச்சத்தில் தன் பெயரில் 9 வெற்றி பெற்றார், தோல்வியே இல்லை. டெட்ராய்ட்டுக்கு டிவிஷன் (லீக்கின் ஒரு பிரிவு) பட்டம் வந்தது. ஆனால் பிளே ஆஃபில் மின்னசோட்டாவுக்கு எதிராக அவர் வீசிய இரண்டு ஆட்டமும் போயின. 1989-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றிகள், 1996-ல் சை யங் விருது (ஆண்டின் சிறந்த பிட்சருக்கானது), 2015-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் என்று உயர்ந்தார். மனசு ஆறாத இழப்பு இது.

2017-ல் டெட்ராய்ட் விற்கும் பக்கம். மூன்று இளைஞர்களுக்காக நட்சத்திரப் பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஹூஸ்டன் அதே ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. வந்த மூவரில் பெரிதும் நம்பப்பட்ட பிராங்க்ளின் பெரெஸ் காயங்களிலேயே ஆண்டுகளை இழந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பந்தக் காலம். வெர்லாண்டருக்கு 2019 வரை இருந்தது; அந்த ஆண்டும் சை யங் வாங்கினார். பட்டத்தை நெருங்கிய அணி அப்படிப்பட்டவருக்காகத் தயங்கவே கூடாது. சில வாரங்களுக்கு மட்டும் என்றால், நல்ல 20 வயதுப் பையனை நான் கொடுக்க மாட்டேன்.