குஞ்சு விடுவதா, குஞ்சைப் பிடிக்காமல் விடுவதா?

தாராவிச் சந்தையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத வாவல் மீன் கூறுகட்டி விற்கப்படும்போது, பொரிப்பகத்தில் முட்டையிலிருந்து பொரிக்கவைத்த மீன்குஞ்சுகளைக் கடலில் விட்டால் குறை தீராதா என்று மும்பைத் தமிழர்கள் கேட்பது இயல்பே.

அந்த வழியின் கவர்ச்சி, விட்ட எண்ணிக்கையை மேடையில் சொல்ல முடிவதுதான். ஆனால் வலையில் ஏறியவற்றில் விட்டவை எத்தனை, அவை கடலிலேயே பிறந்த குஞ்சுகளின் இரையைப் பறித்தனவா என்பவையே உண்மையான அளவுகோல்கள். இவற்றை அறிய, விடுமுன்பே மீனின் காதினுள் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லில் சாயம் ஏற்றியோ தாய்மீன்களின் மரபணுவைப் பதிவுசெய்தோ அடையாளப்படுத்த வேண்டும். நார்வேயில் 1880களில் தொடங்கி 1971 வரை காட் மீன் குஞ்சுகளை விட்டும், பிடிப்பு கூடியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஸ்காலப் சிப்பி நல்ல பலன் தந்தது. சிப்பி தொலைதூரம் போய்விடுவதில்லை, விதைத்த கூட்டுறவுகளுக்கே அறுவடை உரிமையும் உண்டு. வாவலுக்கு இவ்விரண்டுமே பொருந்தா.

குஞ்சைப் பிடிக்காமல் விடும் வழிக்குப் பொரிப்பகம் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. பல இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவும் வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும், நீரோட்டத்தில் கட்டும் பை போன்ற டோல் வலையில் சிக்கிய குஞ்சு திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது என்பதால், மும்பையில் மீன் வந்திறங்கும் சசூன் துறைமுகத்தில் மீனை அளப்பதைக் காட்டிலும் கடலுக்குப் போகுமுன் வலைக்கண்ணை அளப்பதே பயன்தரும். மும்பைக்கு நான் இதையே முதலில் தேர்வேன். மேலும், கழிவுநீர் கலக்கும் கழிமுகங்களில் பொரிப்பகக் குஞ்சும் தப்புவது கடினம்.