கைத்தறிச் சாறிக்கு ஆன்லைன் விளம்பரம்: மட்டக்களப்பு டவுன் சேவை ஒன்று எப்படி?

மருதமுனைக் கைத்தறிச் சாறி, சாரன் விற்கிற எங்கள் சின்னக் கடைக்கு இந்த வருடம் மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு விளம்பரச் சேவையைப் பிடித்தோம். குறைகளையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. கொடுத்த காசு வீண் போகவில்லை, ஆனால் சாறி விற்கும் வரைதான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் பல கடைகள் செய்வது என்ன? புது டிசைன் வந்ததும் ஒரு படம் எடுத்து, "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று போட்டு, பேஸ்புக்கில் காசு கட்டிப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அமத்திவிட்டு இருப்பது. லைக் விழும், சாறி அலுமாரியிலேயே கிடக்கும். இந்தச் சேவைக்காரர்கள் முதல் நாளே கேட்டது, "நானா, இந்தப் படத்தை யாருக்குக் காட்டப் போறீங்க?" என்றுதான். நம்மைக் கேள்விப்படாதவருக்கா, நாலு கடையில் விலை கேட்டு யோசித்துக்கொண்டிருப்பவருக்கா, போன பெருநாளுக்கு வாங்கியவருக்கா? தேவை தோன்றுவது, தேடுவது, ஒப்பிடுவது, வாங்குவது, வாங்கிய பிறகு வரும் திருப்தி அல்லது எரிச்சல் என்று வாங்குபவர் கடக்கும் ஐந்து படிகள் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, எங்கல், கொலட், பிளாக்வெல் என்ற மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் 1968 இலேயே இந்த வழியில் எழுதிவிட்டார்கள். அதைக் கல்முனைக் கடைத்தெருவுக்கு இறக்கிக் கொண்டுவந்த விதம்தான் எனக்குப் பிடித்தது.

முதலில் விலையே இல்லாத ஒரு வீடியோ. தறி ஓடுகிற சத்தமும் நெய்கிற கையும், அவ்வளவுதான். அதைப் பாதிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து (பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் இது செய்யலாம், பூஸ்டோடு நிற்கிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை) அவர்களுக்கு மட்டும் அடுத்த விளம்பரத்தைக் காட்டினார்கள்.

அந்த அடுத்த விளம்பரத்தில்தான் உண்மையான வேலை இருந்தது. எங்கள் பழைய மெசேஜ் எல்லாவற்றையும் உட்கார்ந்து வாசித்து, வாங்காமல் போனவர்கள் கடைசியாக என்ன கேட்டார்கள் என்று எடுத்தார்கள். சாயம் போகுமா, பிளவுஸ் துண்டு சேர்த்தா, பவர்லூமா கைத்தறியா, வகுப்பில் நாள் முழுக்க நின்றால் கசங்குமா. கடைசிக் கேள்வி டீச்சர்மாருடையது, எங்கள் பெரிய வாடிக்கையே அவர்கள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி வீடியோ, விலை வெளிப்படையாக. விலையை ஒளிப்பதற்கு நான் எப்போதுமே எதிரி, ஒப்பிட்டுப் பார்க்க வந்தவரிடம் விலையை மறைத்தால் அவர் பக்கத்துக் கடைக்குப் போவார், வேறென்ன செய்வார்! சம்பளம் விழும் நாட்களை ஒட்டி இந்த விளம்பரங்களுக்குக் காசைக் கூட்டி, மாத நடுவில் குறைத்ததும் நல்ல யோசனை.

வாங்கும் இடத்தில் எங்களுக்குத் தலையிடி பார்சல் திரும்பி வருவது. பார்சல் கையில் கிடைத்த பிறகு காசு என்பதால் சிலர் வீட்டு வாசலில் வைத்தே வேண்டாம் என்பார்கள், கூரியர் காசு எங்கள் தலையில். இதற்கு விளம்பரம் எதுவும் போடவில்லை. அனுப்புவதற்கு முன் அதே சாறியைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு வொய்ஸ் நோட்டோடு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். திரும்பி வருவது நன்றாகக் குறைந்துவிட்டது. வாட்ஸ்அப் பிசினஸில் புது ஓர்டர், காசு வரவேண்டியது, முடிந்தது என்று லேபல் போட்டுப் பிரிக்கவும் பழக்கினார்கள், அது இலவசம்தான்.

சரி, குறைகள். வாங்கிய பிறகு வாடிக்கையாளரை அவர்கள் மறந்தே போகிறார்கள். பழைய ஆட்களுக்கு வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்கு ஒரேயடியாக அனுப்புவது) அனுப்பச் சொன்னார்கள், ஆனால் நம் நம்பரை போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும் என்பதைச் சொல்லவே இல்லை. பார்சலுக்குள் நம்பரும் துவைக்கும் முறையும் அச்சடித்த துண்டு வைக்கத் தொடங்கியது எங்கள் மகளின் யோசனை. சாறி வாங்கிய அடுத்த நாளும் அதே சாறி விளம்பரம் அவருக்கே போய்க்கொண்டிருந்தது, வாங்கியவர்களின் நம்பர் பட்டியலை ஏற்றி அவர்களை விலக்கலாம், நாங்கள் கேட்ட பிறகுதான் செய்தார்கள். இன்னொன்று, அம்பாறை டவுனிலும் கொழும்பிலும் சிங்கள வாடிக்கையாளர் இருக்கும்போது எல்லாம் தமிழில் மட்டும் போனது. மாத ரிப்போர்ட்டோ முழுக்க ஆங்கிலம், ஒவ்வொரு தடவையும் கோல் எடுத்து விளக்கம் கேட்க வேண்டும்.

கட்டணத்தில் ஒளிவுமறைவு இல்லை. விளம்பரக் காசு எங்கள் கார்டிலிருந்தே மெட்டாவுக்குப் போகிறது, விளம்பரக் கணக்கும் பேஜும் எங்கள் பெயரில். எந்தச் சேவையைப் பிடித்தாலும் இதை முதலில் கேளுங்கள், பிரிந்து போகும்போது பேஜை அவர்கள் கையில் விட்டுவிட்டு நிற்கக் கூடாது.

பத்துச் சாறி வைத்து வீட்டிலிருந்து விற்கிறவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை, பழைய மெசேஜை வாசித்து விலையோடு வீடியோ போடும் வேலையை நீங்களே செய்யலாம். கடை வைத்திருப்பவர்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பெருநாள் நெருங்கினால் அவர்கள் போன் எடுப்பதில்லை.