கறுப்பா, சிவப்பா, மஞ்சளா: குமரி வீட்டுத் தோட்டத்துக்கு எந்த கேரட்?

விதைப் பாக்கெட்டின் படத்தைப் பார்த்தால் எல்லா நிறமும் வேண்டும் என்றுதான் தோன்றும். கருநீலம், ரத்தச் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், பால் வெள்ளை என்று ஆன்லைனில் இப்போது எல்லாமே கிடைக்கிறது. பல நிறத்தையும் ஒரே பாக்கெட்டில் கலந்து 'வானவில் கேரட்' என்றும் விற்கிறார்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விதைக்கப் போகிறவர்கள் நிறத்துக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ரகம் குளிர்நாட்டு வம்சமா, வெயிலுக்குப் பழகிய வம்சமா? இந்த அலசல் முழுக்க அதை வைத்துத்தான்.

கேரட் கிழங்கு நன்றாகத் திரண்டு நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வெப்பம் வேண்டும். 30 டிகிரியைத் தாண்டிய சூடு நீடித்தால் கிழங்கு குட்டையாகும், நிறம் வெளிறும், நாரும் ஏறும். நம் மாவட்டத்துச் சமவெளியில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் கொஞ்சம் குளுமை கூடும், அவ்வளவுதான். வடசேரி சந்தைக்கு ஊட்டி, கொடைக்கானல் கேரட் வந்து இறங்குவதும் இதனால்தான்.

கேரட்டின் பழைய நிறங்கள் ஊதாவும் மஞ்சளும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆப்கானிஸ்தானைச் சுற்றிய மத்திய ஆசியாவில் அவை பயிராகிவிட்டன. ஆரஞ்சு பிந்தி வந்தது, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில், முக்கியமாக நெதர்லாந்தில் நிலைபெற்றது. இந்தியச் சமவெளியில் ஊன்றிய சிவப்பும் கறுப்பும் ஆசிய வகை, வெப்பத்தைத் தாங்கிப் பழகியவை. வெளிநாட்டுப் பாக்கெட்டில் வரும் ஊதா, வெள்ளை ரகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வகை. அவை குளிர் கேட்கும்.

முதலில் சிவப்பு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ருதிராவும் பூசா விருஷ்டியும் இந்த வகை. ருதிரா நீளமானது, நடுத்தண்டு வரை ஒரே சிவப்பு, கேரட் அல்வாவுக்கு வேண்டிய நிறமும் இனிப்பும் அதில் உண்டு. விருஷ்டி சூட்டையும் ஈரக் காற்றையும் தாங்கும் ரகம், வட இந்தியாவில் ஜூலை மழையிலேயே விதைக்கிறார்கள். குமரியின் ஈரப்பதத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிற ரகம் எனக்குத் தெரியவில்லை. டெல்லியில் காட்டும் பருமனையும் அடர்த்தியான சிவப்பையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள், ஆனால் சிவப்பு சிவப்பாகவே வரும். தக்காளியில் உள்ள அதே லைக்கோபீன்தான் இந்த நிறத்தைக் கொடுக்கிறது. வேகவைத்தாலும் ஓடாது. லைக்கோபீன் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறாது, அதற்குப் பீட்டா கரோட்டின் வேண்டும். சிவப்பு ரகங்களில் அதுவும் சேர்ந்தே இருப்பதால் குறை ஒன்றும் இல்லை.

கறுப்புக்கு வருவோம். பூசா அசிதா நம் நாட்டுக் கறுப்பு ரகம், உள்ளும் புறமும் ஒரே கருஞ்சிவப்பு. நாவல் பழத்தில் உள்ள ஆந்தோசயனின்தான் இதிலும். வெயில் கூடினால் இந்த நிறமி குறையும், அதனால் மாசி பிறந்தபின் இழுக்கும் கிழங்கு தை மாதத்துக் கிழங்கைவிட மங்கலாகவே இருக்கும். ஆசிய வகை என்பதால் கிழங்கு இறங்கும், அது நிச்சயம். உண்மையான சிக்கல் அடுக்களையில்தான். இந்த நிறம் தண்ணீரில் கரையும். ஒரு துண்டு அவியலில் விழுந்தாலே சேனை, ஏத்தன்காய், முருங்கைக்காய் என்று சட்டி முழுக்க ஊதாவாகிவிடும். விருந்துக்கு வந்தவர்கள் இலையைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். சாம்பாரில் போடவே வேண்டாம்.

அதே குணம் கிச்சடியில் வரமாகிறது. பீட்ரூட் கிச்சடி வைப்பது போலத்தான். கறுப்பு கேரட்டைத் துருவி, கொஞ்சம் உப்பும் கை அளவு தண்ணீரும் விட்டு வேகவைக்க வேண்டும். தேங்காய், பச்சை மிளகாய், கடுகு மூன்றையும் அரைத்துச் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கி ஆறியபின் கெட்டித் தயிர் விட வேண்டும். கரண்டி சுற்றச் சுற்ற தயிரில் கருநீலம் கரைந்து செந்நீலமாகும். புளிப்புப் பட்டால் இந்த நிறமி சிவப்புப் பக்கம் சாயும், அதனால் தயிர் எவ்வளவு புளிப்போ அவ்வளவு சிவப்பு. பீட்ரூட்டின் மண் வாசம் இதில் இல்லை, லேசான காரமும் இனிப்பும் உண்டு. வட இந்தியாவில் கறுப்பு கேரட்டைக் கடுகுப்பொடியோடு தண்ணீரில் புளிக்கவைத்துக் காஞ்சி என்று குடிக்கிறார்கள். நம் வெயிலுக்கு அதையும் செய்து பார்க்கலாம்.

வெளியே ஊதா, உள்ளே ஆரஞ்சு என்று இருக்கும் பர்ப்பிள் ஹேஸ், காஸ்மிக் பர்ப்பிள் போன்றவைதான் படத்தில் கண்ணை இழுப்பவை. பர்ப்பிள் ஹேஸ் 2006இல் அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. வட்டமாக அரிந்தால் ஊதா வளையத்துக்குள் ஆரஞ்சு தெரியும், பச்சையாக சாலட்டில் போட இதற்கு இணை இல்லை. ஆனால் இது ஐரோப்பிய வகை, குளிர் கேட்கும். நம் சமவெளிச் சூட்டில் தோலின் ஊதா திட்டுத் திட்டாக வெளிறும், வேகவைத்தால் மிச்ச நிறமும் போகும். அதே இடத்தையும் தண்ணீரையும் அசிதாவுக்குக் கொடுப்பேன். கொடைக்கானலில் உறவுக்காரர் இருந்தால் பர்ப்பிள் ஹேஸ் விதையை அவர்களுக்கு அனுப்புங்கள், அங்கே அது தன் அழகைக் காட்டும்.

மஞ்சள் கேரட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதன் நிறம் லூட்டீன், கண்ணின் விழித்திரைக்கு வேண்டிய பொருள். கறுப்பைப் போலக் குழம்பில் கரைந்து ஓடாது, அவியலிலும் துவரனிலும் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாதபடி சேர்ந்துவிடும். குழந்தைகள் சாப்பிட வேண்டும் என்று வளர்ப்பவர்களுக்கு சிவப்புக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். பூசா குல்ஃபி என்று இந்தப் பக்கத்து நிறத்தில் ஒரு வெப்ப வகையும் உண்டு, கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வெள்ளையில் நிறமி கிடையாது, ஐரோப்பாவில் பழைய நாளில் மாட்டுத் தீவனமாக வளர்த்தது. ருசியும் மட்டு. தோட்டத்தில் இடம் குறைவு என்றால் அதை விட்டுவிடலாம்.

ரகத்தைப் போலவே தரையா, மண் நிரப்பிய வளர்ப்புப் பையா என்பதும் நம் மாவட்டத்தில் பெரிய கேள்வி. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் ஒரு சாணுக்குக் கீழே சரல் தட்டும். நீளமான ருதிரா அதில் முட்டி, இரண்டு கால் மூன்று கால் விட்டு வெளியே வரும். மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடலோர மணல் கிழங்குக்கு இதமானது, ஆனால் தண்ணீர் நிற்காது, வேர்முடிச்சு நூற்புழுவும் அங்கே அதிகம். தக்காளி, வெண்டை வேரில் முடிச்சு பார்த்த பாத்தியில் கேரட் போடவே கூடாது, நூற்புழுவைக் குறைக்க அதில் ஒரு போகம் கேந்தி (செண்டுமல்லி) வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம். தென்னை நிழலில் இலைதான் வளரும், கிழங்குக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு மொட்டைமாடியில் 40 செ.மீ. உயரப் பைதான் என் தேர்வு. சலித்த செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு சேர்த்துக் கொள்ளுங்கள். நார்க்கழிவு நம் ஊரில் தாராளம், ஆனால் அதில் உப்பு இருக்கும். வடியும் நீர் தெளியும் வரை கழுவ வேண்டும். மக்காத சாணம் போட்டால் கிழங்கு கவை விடும். குமரிச் செம்மண் புளிப்புத் தன்மை உள்ளது, கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்து சில நாள் விட்டுவிடுவது நல்லது.

ஐப்பசி மழையில் தரையில் விதைத்தால் பொடி விதை அடித்துக்கொண்டு போய்விடும். பை என்றால் ஓரமாக நகர்த்தலாம், கார்த்திகைத் தொடக்கத்திலேயே விதைக்கலாம். தரை என்றால் மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில். எப்படியும் கிழங்கு திரளும் நாட்கள் மார்கழி, தையில் விழ வேண்டும். கேரட்டை நாற்று விட்டு நடக்கூடாது, நேரடி விதைப்புதான். விதையை மணலோடு கலந்து தூவி, நனைத்த சாக்கை மேலே போட்டு, முளை கண்டதும் சாக்கை எடுத்துவிட வேண்டும். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் காற்று மேல்மண்ணை மதியத்துக்குள் உலர்த்திவிடும், அங்கே பூவாளியால் இரண்டு வேளை தெளிக்க வேண்டியிருக்கும். மூன்று வாரத்தில் நெருக்கத்தைக் கலைத்து, செடிக்குச் செடி 5 முதல் 7 செ.மீ. விடுங்கள். மனம் வராமல் அப்படியே விட்டால் விரல் தடிமனுக்கு மேல் ஒன்றும் இறங்காது. தண்ணீரைக் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். தோள் வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள், இல்லாவிட்டால் பச்சையாகிக் கசக்கும். கலவைப் பாக்கெட்டில் எது என்ன நிறம் என்று இழுக்கும் வரை தெரியாது, ரகத்துக்கு ரகம் முதிரும் நாளும் மாறும். தனித்தனியாக வாங்கிப் பையில் பெயர் எழுதி வைப்பது மேல்.

90 நாளுக்கு மேல் ஒன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டு மற்றதை இழுக்கலாம். இங்கே விதை எடுக்க முயல வேண்டாம். ஐரோப்பிய வகை பூக்க 5 முதல் 10 டிகிரி குளிரில் சில வாரங்கள் இருக்க வேண்டும். ஆசிய வகை பூத்தாலும் பூச்சி வழியே அயல் மகரந்தம் ஏறும், சிவப்பும் கறுப்பும் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் இரண்டும்கெட்ட நிறத்தில் வரும். மிச்ச விதையைக் காற்றுப் புகாத குப்பியில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஈரக் காற்றில் திறந்து வைத்த கேரட் விதை அடுத்த கார்த்திகைக்குள் முளைப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும்.