"மூளைக்கு பெப்டைடு ஊசி" என்று யாராவது சொன்னால் முதலில் லேபிளைப் படியுங்கள்

போன ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. வீட்டுக்கு வந்து பிசியோ, பேச்சுப் பயிற்சி இரண்டும் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "காபி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். அந்தச் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் ஒரு வெல்னஸ் கிளினிக்கின் நம்பரைக் கொடுத்தார்.

"செத்த நரம்பையே திரும்ப வளர வைக்கும் சார், ஒரே கோர்ஸ், அப்பா பழையபடி பேசுவார்" என்றார் போனில் பேசியவர். முப்பது நாளுக்கு 48,000 ரூபாய். அவ்வளவு பணம் கையில் இல்லை என்றதும், "இது போடும்போது பிசியோ எதுக்கு சார், ஒரு மாசம் நிறுத்துங்க" என்று வழியும் அவரே சொன்னார். நிறுத்தினேன். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பத்து சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வந்தன, அடியில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு, மேலே நீல மூடி. தண்ணீர் கலந்து இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து தொப்புளுக்குப் பக்கத்தில் போட வேண்டும், ஒரு குப்பி மூன்று நாளுக்கு. செமாக்ஸ், டைஹெக்ஸா என்று இரண்டு பெப்டைடுகள் (புரதத்தின் சின்னத் துண்டு மாதிரியான பொருட்கள்) கலந்தது என்றார்கள். ஒன்பதாம் நாள் ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கல் மாதிரி ஆகிவிட்டது, காய்ச்சல் 102. தோலுக்கு அடியில் கிருமித் தொற்று என்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

நியூரோ டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல லைசென்ஸ் நம்பர் எங்க? பேட்ச் நம்பர் எங்க?" இரண்டுமே இல்லை. பதிலாக எறும்பு அளவு எழுத்தில் "ஃபார் ரிசர்ச் யூஸ் ஒன்லி" என்று ஒரு வரி. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று போட்ட ஒன்றை ஒன்பது நாள் நான் என் கையால் அப்பாவுக்குப் போட்டிருக்கிறேன்.

கிளினிக் கொடுத்த "99 சதவீதம் சுத்தம்" சான்றிதழை ஆஸ்பத்திரி பார்மசிஸ்டிடம் காட்டினேன். அந்தச் சோதனை பொடியில் அந்த பெப்டைடு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், கிருமியோ கிருமி விடும் நச்சோ இருக்கிறதா என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும் என்றார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். செமாக்ஸ் ரஷ்யாவில் மூக்கில் விடும் சொட்டு மருந்து, எங்களுக்குக் கொடுத்ததோ ஊசி. டைஹெக்ஸா வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எலிகளில் பார்த்தது. அந்த ஆய்வு வரிசையில் வந்த சில கட்டுரைகளில் படங்கள் மாற்றப்பட்டிருந்தன என்று விசாரணையில் தெரிந்து, அதை வைத்துத் தொடங்கிய கம்பெனியின் தலைவர் 2021-ல் பதவி விலகினார். அதே வழியில் வந்த இன்னொரு மருந்தை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும் 2024-ல் தோற்றது. பன்றி மூளையிலிருந்து எடுக்கும் செரிப்ரோலைசின் நம் ஊரில் டாக்டர்களே எழுதுகிறார்களே என்று கேட்பீர்கள். சரி, அது லைசென்ஸோடு வருகிறது, ஆனால் பக்கவாதத்தில் அதனால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் சொல்கிறது.

பணத்தைக் கேட்டதற்கு, "நாங்க ரிசர்ச்சுக்குன்னுதானே சார் வித்தோம், லேபிள்லயே இருக்கே" என்றார் அதே ஆள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் உடம்பு வேகமாகத் தேறும் என்கிறார் பிசியோ அம்மா. ஊசியும் ஆஸ்பத்திரியுமாக அதில் கிட்டத்தட்ட இரண்டு வாரத்தை அப்பாவிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஏழு குப்பிகளும் பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் ஊசியை இன்றே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். குப்பி, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம், புகாருக்கு எல்லாம் வேண்டும்.