செவிவழிச் சாட்சியம் பற்றிய இணைய வகுப்பு: எதிரி தரப்பு வழக்கறிஞரின் பார்வையில்

குழந்தைகள் மீதான வன்கொடுமை வழக்குகளில் செவிவழிச் சாட்சியம் (ஒருவர் வெளியே சொன்னதைக் கேட்டவர் நீதிமன்றத்தில் வந்து சொல்வது) எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகச் சொல்லித்தரும் வகுப்பு இது. பதிவு செய்த காணொளிகள், கூடவே பயிற்சித் தாள்கள். நான் எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வழக்கு நடத்துபவள். அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

2015இல் வந்த ஓஹியோ எதிர் கிளார்க் வழக்குக்கான பாடம் அருமை. மூன்று வயதுப் பையனின் கண் சிவந்திருப்பதையும் முகத்தில் தடிப்புகள் இருப்பதையும் மழலையர் பள்ளி ஆசிரியைகள் கவனிக்கிறார்கள். யார் செய்தது என்று கேட்டால் "டீ, டீ" என்கிறான். அது அம்மாவின் காதலரைக் கூப்பிடும் பெயர். டீ பெரிய ஆளா, சின்ன ஆளா? "டீ பெரிய ஆள்." சாட்சி சொல்லும் திறன் பையனுக்கு இல்லை என்று விசாரணை நீதிமன்றம் சொல்லிவிட, அவன் சொன்னதை ஆசிரியைகள் கூண்டேறிச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வழக்குக்குச் சாட்சியம் திரட்டுவதற்காக அல்ல, பிள்ளையைக் காப்பாற்றக் கேட்ட கேள்விகள் அவை என்பது காரணம். பாடம் நடத்துபவர் ஒவ்வொரு கேள்வியிலும் நிறுத்தி, இதையே ஒரு போலீஸ்காரர் கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கிறார். வழக்குக்குச் சாட்சியமாகச் சொன்ன பேச்சை, சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தராமல் எதிரிக்கு எதிராக ஏற்கக் கூடாது என்ற 2004ஆம் ஆண்டின் கிராஃபோர்ட் தீர்ப்பு எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியது இங்கேதான்.

மேரிலாண்ட் எதிர் கிரெய்க் பாடமும் சரியாகவே இருக்கிறது. எதிரியை நேரில் பார்க்காமல் தொலைக்காட்சி வழியாகக் குழந்தை சாட்சி சொல்லலாம்; ஆனால் இந்தக் குழந்தைக்கு அது தேவை என்று நீதிபதி தனியாக முடிவு செய்ய வேண்டும்.

என் வருத்தம் ஐடஹோ எதிர் ரைட் பற்றியது. 1990இல் கிரெய்க் வந்த அதே நாளில் வந்த தீர்ப்பு. இரண்டரை வயதுக் குழந்தையிடம் ஒரு மருத்துவர் பேசினார். வீடியோ எடுக்கவில்லை. பதிலையும் சேர்த்தே வைத்த கேள்விகள். குழந்தையின் உடலில் இருந்த தடயங்களைக் காட்டி அந்தப் பேச்சை நம்பத்தக்கதாக்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. கிராஃபோர்டுக்குப் பிறகு சட்டம் மாறியிருக்கலாம், ஆனால் விசாரித்தவரை எப்படி விசாரிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதற்கு ஒரே ஒரு பக்கம்தான்!

குழந்தை கூண்டேறாத வழக்கில் நான் குறுக்கு விசாரணை செய்யக்கூடியவர் கேள்வி கேட்ட பெரியவர் மட்டும்தான். குழந்தை பொய் சொல்கிறது என்று காட்டுவது என் வேலை இல்லை. அவர் எந்த வார்த்தையில் கேட்டார், எத்தனை முறை திரும்பக் கேட்டார், எதை எழுதாமல் விட்டார் என்பதைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். பயிற்சித் தாள்களில் அதற்கு ஒன்றுகூட இல்லை. எல்லாமே அந்தப் பேச்சை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற அரசுத் தரப்புப் பயிற்சிகள். ஒரு மனிதர் பல வருடம் சிறைக்குப் போகப்போகிற வழக்கில் இது சின்னக் குறை இல்லை.

அரசுத் தரப்பில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் ரைட் தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் சேருங்கள்.